ரேக் பிரீஆம்பும் மிடி ஃபுட் கன்ட்ரோலரும்: ஒரே மிதியில் இரண்டு கருவிகளையும் மாற்றுவது எப்படி?

மெல்லிசை_கிதார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு ஆண்டுகளாக லீட் கிதார் வாசித்து வருகிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று மாதத்துக்கு ஆறேழு கச்சேரிகள் இருக்கும். இத்தனை நாளும் ஏழு தனித்தனிப் பெடல்களைத் தரையில் வரிசையாக வைத்து, பல்லவிக்கு க்ளீன், இடையிசைக்கு டிஸ்டார்ஷன், சரணத்துக்கு கோரஸ் என்று ஒவ்வொன்றாக மிதித்து மாற்றிக்கொண்டிருந்தேன். பல்லவி முடிந்து இடையிசை தொடங்குவதற்குள் மூன்று பெடல்களை மிதிக்க வேண்டியிருப்பதால், இடையிசையின் முதல் சுரம் பெரும்பாலும் தவறான ஒலியில்தான் விழும். இதிலிருந்து விடுபடவே சென்ற மாதம் பழைய மார்ஷல் ஜேஎம்பி-1 பிரீஆம்ப் (கிதார் ஒலியை முதலில் பெருக்கி அதன் தன்மையை அமைக்கும் முன்பெருக்கி) ஒன்றை வாங்கி, என்னிடம் ஏற்கெனவே இருந்த ஸ்டீரியோ எஃபெக்ட்ஸ் பிராசசருடன் ஒரே ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கிப் பொருத்தும் சட்டகத்தில், பொருத்தினேன். பத்து சுவிட்சுகளும் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல்களும் (பாதத்தால் மேலும் கீழும் சாய்த்து அளவைக் கூட்டிக் குறைப்பவை) உள்ள மிடி ஃபுட் கன்ட்ரோலர் ஒன்றையும் வாங்கியிருக்கிறேன். மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளைகளை அனுப்பும் முறை.

இப்போதைய இணைப்பைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலரின் மிடி அவுட்டிலிருந்து 12 மீட்டர் கேபிள் மேடை ஓரமாகச் சென்று, கீபோர்டுக்காரருக்குப் பின்னால் இருக்கும் ரேக்கில் ஜேஎம்பி-1-இன் மிடி இன்னில் சேர்கிறது. ஜேஎம்பி-1-இன் மிடி அவுட்டிலிருந்து ஒரு சிறிய கேபிள் எஃபெக்ட்ஸ் பிராசசரின் மிடி இன்னுக்குப் போகிறது. கிதார் ஒலி பிரீஆம்புக்குள் நுழைந்து, அதன் எஃபெக்ட்ஸ் லூப் வழியாகப் பிராசசருக்குப் போய்த் திரும்பி, பவர் ஆம்புக்குச் செல்கிறது.

சிக்கல்கள் நான்கு. கன்ட்ரோலரில் புரோகிராம் எண் 1 என்று பதிவு செய்தால் பிரீஆம்பில் 2-ஆம் பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) வருகிறது. 5 என்று பதிவு செய்தால் 6 வருகிறது. இரண்டாவதாக, பிரீஆம்ப் மாறினாலும் எஃபெக்ட்ஸ் பிராசசர் அசைவதே இல்லை. மூன்றாவதுதான் என்னை மிகவும் கலங்க வைத்திருக்கிறது. சென்ற வாரத் திருவிழாக் கச்சேரியில் பதினைந்து பாடல்கள் வரை ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. பதினாறாவது பாடலின் இடையிசையில் லீட் சுவிட்சை மிதித்தேன். கன்ட்ரோலரின் திரையில் எண் மாறியது, ஒலி மாறவில்லை. மீண்டும் மிதித்தேன், மாறவில்லை. க்ளீன் ஒலியிலேயே முழு இடையிசையையும் வாசித்து முடித்தேன். அடுத்த பாடலில் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. நான்காவது, பிராசசரில் பேட்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலி ஒரு கணம் அறுந்து, டிலேயின் எதிரொலியும் அத்துடன் வெட்டுப்படுகிறது.

இவற்றைத் தவிர ஒரு பொதுவான ஐயமும் உண்டு. ஒரே மிதியில் பிரீஆம்புக்கு ஓர் எண்ணும் பிராசசருக்கு வேறோர் எண்ணும் போக வேண்டுமென்றால், அந்தப் பொருத்தத்தைக் கன்ட்ரோலரில் பதிவு செய்வது நல்லதா, ரேக் கருவிகளில் பதிவு செய்வது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வால்வும்_கம்பியும் எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் மூன்று சிக்கல்களுக்கும் மிடி வேலை செய்யும் முறையிலேயே விடை இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மிடி கேபிளில் ஒலி போவதில்லை, எண்கள்தான் போகின்றன. 1983-இல் கீபோர்டுகளை ஒன்றுடன் ஒன்று இணைப்பதற்காக வந்த முறை இது. 1987-இல் வெளிவந்த ஏடிஏ எம்பி-1 போன்ற பிரீஆம்ப்களின் வழியாகவே கிதார் ரேக்குக்குள் அது உறுதியாகக் கால் ஊன்றியது. 1992-இல் வந்த உங்கள் ஜேஎம்பி-1-உம் அந்த வழிவந்ததே; உள்ளே இரண்டு இசிசி83 வால்வுகள், வெளியே நூறு பேட்ச்கள், அவற்றை அழைக்க ஓர் எண். ஐயர்ன் மெய்டன் குழுவின் டேவ் மரே போன்றவர்கள் பெரிய மேடைகளில் பல ஆண்டுகள் பயன்படுத்திய கருவி அது. நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் சுவிட்சை மிதிக்கும்போது கன்ட்ரோலர் 'புரோகிராம் சேஞ்ச்' என்ற செய்தியை அனுப்புகிறது. அதில் இரண்டே பைட்டுகள். முதல் பைட் செய்தியின் வகையையும் 16 சேனல்களில் அது எந்தச் சேனலுக்கு உரியது என்பதையும் சொல்கிறது. இரண்டாவது பைட் பேட்ச் எண்ணைச் சொல்கிறது. கம்பியில் போகும் அந்த எண் 0 முதல் 127 வரைதான் இருக்க முடியும். ஆனால் மனிதர்கள் 1-இலிருந்து எண்ணுவதால், சில நிறுவனங்கள் திரையில் ஒன்றைக் கூட்டி 1 முதல் 128 வரை காட்டுகின்றன. வேறு சில உள்ளதை உள்ளபடியே 0-இலிருந்து காட்டுகின்றன. உங்கள் கன்ட்ரோலர் 0-இலிருந்து எண்ணுகிறது, ஜேஎம்பி-1-இன் பேட்ச்கள் 1-இலிருந்து தொடங்குகின்றன. ஆகவே நீங்கள் 1 என்று எழுதுவது அங்கே இரண்டாவது பேட்ச் ஆகிறது. இரு கருவிகளிலும் பழுது ஏதும் இல்லை. ஓர் எண் குறைத்துப் பதிவு செய்யுங்கள், அது போதும்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் நீங்கள் பயன்படுத்திய துளை. மிடி அவுட் என்பது அந்தக் கருவி தானே உருவாக்கும் செய்திகளுக்கான வாசல். இன்னில் வந்தது அதில் வெளியேறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வந்ததை அப்படியே அடுத்த கருவிக்குக் கடத்துவது மிடி த்ரூ. அந்தச் சிறிய கேபிளை ஜேஎம்பி-1-இன் அவுட்டிலிருந்து கழற்றி த்ரூவில் மாட்டுங்கள். இப்படி மூன்று நான்கு கருவிகளை வரிசையாக இணைப்பதில் தொல்லை இருக்காது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கருவியையும் கடக்கும்போது சிக்னலின் விளிம்புகள் சற்றே மழுங்கும் என்பதால் தனியாக ஒரு த்ரூ பாக்ஸ் வைப்பது நல்லது.

மூன்றாவது சிக்கல்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. மிடி ஒருவழிப் பாதை. கன்ட்ரோலர் எண்ணை அனுப்பிவிட்டுத் தன் திரையை மாற்றிக்கொள்கிறது; பிரீஆம்ப் அதைப் பெற்றதா என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை. ஆகவே கன்ட்ரோலரின் திரையில் எண் மாறியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மேலும், மிடி இணைப்பு 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை விட்டுவிட்டு அனுப்புவதால் இயங்குகிறது. செய்தி எதுவும் இல்லாத நேரத்தில் கம்பியில் மின்னோட்டமே இருக்காது. கம்பி அறுந்தாலும் மின்னோட்டம் இருக்காது. நீங்கள் சும்மா நிற்கிறீர்களா, கேபிள் அறுந்து கிடக்கிறதா என்று பிரீஆம்பால் பிரித்தறிய இயலாது; எனவேதான் அது எந்த எச்சரிக்கையும் காட்டாமல் பழைய பேட்ச்சிலேயே நின்றது. பதினைந்து பாடல்கள் நன்றாக ஓடி, இடையில் நின்று, பிறகு தானாகச் சரியானது என்றால் என் சந்தேகம் முழுவதும் அந்த 12 மீட்டர் கேபிள் மீதுதான். நீளம் காரணம் அல்ல. 15 மீட்டர் வரை அனுமதி உண்டு.

பரிசோதிக்கும் முறையைச் சொல்கிறேன். ஐந்து பின் டின் பிளக்கில் பின்களின் எண்கள் வரிசையாக இருக்காது. நடுவில் இருப்பது 2. அதன் இரு பக்கங்களிலும் 4, 5. ஓரங்களில் 1, 3. மிடிக்குத் தேவை 4, 5 என்ற இரண்டும், கவசக் கம்பிக்கான 2-உம் மட்டுமே. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையின் 4-க்கும் மறுமுனையின் 4-க்கும், பிறகு 5-க்கும் 5-க்கும் இடையே ஒலி வருகிறதா என்று பாருங்கள். அந்த நிலையிலேயே பிளக்குக்கு அருகில் கேபிளை நான்கு பக்கமும் வளைத்துப் பார்க்க வேண்டும்; நேராக வைத்துச் சோதித்தால் இந்தக் குறை அகப்படாது. பழைய டேப் ரெக்கார்டருக்குரிய டின் கேபிளைத் தவறியும் பயன்படுத்த வேண்டாம். தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் சிலவற்றில் உள்ளே கம்பிகள் பின் மாற்றி இணைக்கப்பட்டிருக்கும்.

பொதுவான கேள்விக்கு வருகிறேன். பொருத்தத்தைக் கன்ட்ரோலரில் வைப்பதே என் வழக்கம். பெரிங்கர் எஃப்சிபி1010 போன்றவற்றில் ஒரே மிதியில் ஐந்து புரோகிராம் எண்கள் வரை, வெவ்வேறு சேனல்களில் அனுப்பலாம். பிரீஆம்பை 1-ஆம் சேனலிலும் பிராசசரை 2-ஆம் சேனலிலும் வைத்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் உரிய எண் தனித்தனியே போய்ச் சேரும். மிடி நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுவதால் ஒரு புரோகிராம் சேஞ்சுக்கு மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்குகூட ஆகாது. ஐந்தையும் அடுக்கி அனுப்பினாலும் மூன்றேகால் மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். காதுக்கு அது ஒரே கணம்தான்.

நாற்பது_வாட் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் முழுவதும் சரி. கடைசிப் பத்தியில் மட்டும் என் கருத்து வேறு. அதற்கு ஒரு கச்சேரி காரணம் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திறந்தவெளி மேடை ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது திடீர் மழை. பிரதான கருவிகளுக்கு மேல் கூரை இருந்தது. மேடை விளிம்பில் என் காலடியில் இருந்த கன்ட்ரோலருக்கு இல்லை. துணியை எடுத்து மூடுவதற்குள் உள்ளே நீர் இறங்கி, திரை அணைந்துவிட்டது. அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த இன்னொரு குழுவின் கிதார்க்காரர் பெருந்தன்மையுடன் தம் கன்ட்ரோலரைக் கொடுத்தார். மாட்டினேன். ஆனால் எந்த மிதிக்கு எந்த இரண்டு எண்கள் என்ற என் பொருத்தம் முழுவதும், நாற்பது பேட்ச்களுக்கு நான் மூன்று இரவுகள் உட்கார்ந்து பதிவு செய்தது, அந்த நனைந்த பெட்டிக்குள் இருந்தது. என் ரேக் நன்றாக இருந்தும் அதைக் கூப்பிடத் தெரிந்த எதுவும் என்னிடம் இல்லை. மீதி எட்டுப் பாடல்களையும் ஒரே க்ரஞ்ச் ஒலியில், கிதாரின் வால்யூம் குமிழை மட்டும் திருகி வாசித்தேன்.

அன்றிலிருந்து என் கன்ட்ரோலர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ரேக் வைத்திருக்கிறது. ஜேஎம்பி-1-இல் அதற்கான மேப் வசதி இருக்கிறது. வரும் புரோகிராம் எண் ஒவ்வொன்றுக்கும் எந்தப் பேட்ச் வர வேண்டும் என்று அதிலேயே பதிவு செய்யலாம். பெரும்பாலான ரேக் எஃபெக்ட்ஸ் பிராசசர்களிலும் இதுபோன்ற அட்டவணை உண்டு. இரண்டு கருவிகளையும் ஒரே சேனலில் வையுங்கள். கன்ட்ரோலரிலிருந்து 7 என்ற ஒரே எண் வந்தால், பிரீஆம்ப் தன் அட்டவணையைப் பார்த்து 23-ஆம் பேட்ச்சுக்கும், பிராசசர் தன் அட்டவணையைப் பார்த்து 4-ஆம் பேட்ச்சுக்கும் போகட்டும். பெடலைக் களவு கொடுத்தாலும், வண்டியிலேயே மறந்துவிட்டு வந்தாலும், எளிய எண்களை மட்டும் அனுப்பத் தெரிந்த எந்தக் கன்ட்ரோலரை இரவல் வாங்கி மாட்டினாலும் கச்சேரி நடக்கும்.

நீங்கள் மெல்லிசைக் குழு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாடல் வரிசைப்படி பேட்ச்களை அடுக்க வேண்டாம். முதல் பாடலுக்கு முதல் பேங்க் (ஒரே நேரத்தில் சுவிட்சுகளில் கிடைக்கும் பேட்ச்களின் தொகுதி), இரண்டாம் பாடலுக்கு இரண்டாம் பேங்க் என்று நான் ஒரு காலத்தில் செய்தேன். கூட்டத்திலிருந்து சீட்டு வந்து பாடல் மாறியதும் பேங்க் சுவிட்சை எட்டு முறை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நம் மேடைகளில் எழுதி வைத்த வரிசை ஐந்தாவது பாடலுக்கு மேல் நிலைப்பதில்லை. பாடலை விட்டுவிட்டு ஒலியின் வகையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். கீழ் வரிசையின் இடது ஓரம் எந்த பேங்க்கிலும் க்ளீன். அடுத்தது க்ளீனுடன் கோரஸ். பிறகு க்ரஞ்ச், ரிதம் டிஸ்டார்ஷன், வலது ஓரத்தில் லீட். இரண்டு மாதத்தில் காலுக்கு இடம் பழகிவிடும். குனிந்து பார்க்கவே வேண்டியிருக்காது. எனக்கு இப்போது இரண்டே பேங்க்குகள். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை அவற்றைக் கொண்டே வாசிக்கிறேன்.

பேட்ச்களின் ஒலி அளவை வீட்டில் இறுதி செய்ய வேண்டாம். அறையில் தனியாக வாசிக்கும்போது டிஸ்டார்ஷன் பேட்ச் க்ளீனைவிட ஓங்கி ஒலிப்பதுபோல் தோன்றும் என்பதால் அதைக் குறைத்து வைப்போம். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அதே பேட்ச் புதைந்துபோகும். முழுக் குழுவுடன் ஒத்திகை பார்க்கும்போது, கீபோர்டும் தபலாவும் முழு வேகத்தில் ஓடும் ஒரு பாடலின் நடுவே நின்று ஒவ்வொரு பேட்ச்சின் வால்யூமையும் மாற்றிச் சேமியுங்கள். லீட் பேட்ச்சுக்குக் கெயினைக் கூட்டுவதைவிட மிடிலையும் வால்யூமையும் சற்றுக் கூட்டுவதே அதைக் கூட்டத்துக்கு மேலே எழுப்பும்.

மெல்லிசை_கிதார் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை முழுவதும் இதிலேயே செலவிட்டேன்.

எண் சிக்கல் ஒரே நிமிடத்தில் தீர்ந்தது. சிறிய கேபிளை த்ரூவுக்கு மாற்றியதும் எஃபெக்ட்ஸ் பிராசசர் முதல் மிதியிலேயே அசைந்தது. அந்தத் துளையின் பெயரை நான் இத்தனை நாளாகப் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

கேபிளைச் சொன்னபடியே சோதித்தேன். நேராக வைத்தபோது 4-உம் 5-உம் ஒழுங்காக ஒலித்தன. கன்ட்ரோலர் பக்கத்துப் பிளக்கை மேல்நோக்கி வளைத்தபோது 5-இன் ஒலி விட்டுவிட்டு வந்தது. மூடியைத் திருகித் திறந்து பார்த்தேன். கேபிளின் மேலுறையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உலோகப் பற்றி நெகிழ்ந்து கிடந்தது. ஆகவே கேபிளை யாராவது இழுக்கும்போதெல்லாம் அந்த விசை முழுவதும் பற்றவைப்பின் மீதே விழுந்திருக்கிறது. 5-ஆம் பின்னில் இருந்த செப்பு இழைகளில் மற்றவை அறுந்து, ஒன்றே ஒன்று மயிரிழைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கருகில் பற்றவைப்பு மங்கிய சாம்பல் நிறத்தில், உருண்டை உருண்டையாக இருந்தது. திருவிழா மேடையில் பதினைந்தாவது பாடலுக்குப் பிறகு பாடகருக்கு இடம் விட்டுக் கன்ட்ரோலரைச் சற்றுத் தள்ளி வைத்தேன் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கம்பியைப் புதிதாகச் சீவி, மூன்று பின்களையும் மறுபடி பற்றவைத்து, பற்றியை மேலுறையின் மீது அழுத்திப் பிடிக்கவைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒலி அறுபடவில்லை.

மீதி இருப்பவை இரண்டு. ஒலி அறுபடுவதும் எதிரொலி வெட்டுப்படுவதும் அப்படியே இருக்கின்றன. கன்ட்ரோலருக்கான மின்சாரமும் ஒரு கவலை. அதன் அடாப்டருக்காக மேடை விளிம்பு வரை மின் இணைப்பை நீட்ட வேண்டியிருக்கிறது. மிடி கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பலாம் என்கிறார்களே, அது நம்பத்தக்கதா?

ஒலிமேசை எழுதியது:

வணக்கம். நான் ஒலி அமைப்பாளராகப் பணி செய்கிறேன்; கிதார்க்காரர்களுக்கு ரேக் கட்டித் தருவதும் உண்டு.

முதலில் மின்சாரம். மிடி பயன்படுத்தாத 1, 3 பின்கள் வழியாக ரேக்கிலிருந்து கன்ட்ரோலருக்கு மின்சாரம் அனுப்பும் முறை நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கன்ட்ரோலர் அதை ஏற்கும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். கேபிளில் ஐந்து கம்பிகளும் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மிடி கேபிள்களில் பலவற்றில் 1, 3 பின்களுக்குக் கம்பியே இருக்காது. 12 மீட்டர் தூரத்தில் மின்னழுத்த இழப்பையும் கணக்கிட வேண்டும். 0.14 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்றால், போக வர 24 மீட்டருக்கு ஏறத்தாழ 3 ஓம் தடை. கன்ட்ரோலர் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 9 வோல்ட் கேட்கும் கருவிக்கு 8.1 வோல்ட் சேரும். சில கருவிகள் தாங்கும், சில அடிக்கடி தாமாகவே அணைந்து மீண்டும் தொடங்கும். உங்கள் கையேட்டில் இந்த வசதி தெளிவாகக் குறிப்பிடப்படவில்லையென்றால் முயல வேண்டாம். அடாப்டரையே மேடைக்குப் பொருத்தமாக, நீர் படாத பெட்டிக்குள் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். கன்ட்ரோலருக்கு ஓரிடத்திலும் ரேக்குக்கு வேறிடத்திலும் மின்சாரம் எடுத்தால் ஹம் வருமோ என்று அஞ்சத் தேவையில்லை. மிடி இன் ஒவ்வொன்றிலும் ஆப்டோகப்ளர் இருப்பதால் செய்தி ஒளியாக மாறித்தான் உள்ளே போகிறது. இரு கருவிகளின் எர்த்தும் அதன் வழியாக இணைவதில்லை.

ஒலி அறுபடுவதற்கு மிடியின் வேகம் காரணம் அல்ல. புதிய பேட்ச்சை ஏற்றும் நேரத்தில் வெடிப்பொலி வராமல் இருக்க உங்கள் பிராசசர் தன் வெளியீட்டை ஒரு கணம் மூடிக்கொள்கிறது. நீங்கள் அதை லூப்பில் தொடராக வைத்து முழு ஒலியையும் அதன் வழியாகவே அனுப்புவதால், அது கண் மூடும்போதெல்லாம் உங்கள் கிதாரும் மறைந்துவிடுகிறது. இதற்கு நான் பரிந்துரைப்பது, பாடலின் நடுவில் பிராசசரின் பேட்ச்சை மாற்றாமலே இருப்பதுதான். டிலே, கோரஸ், ரிவர்ப் மூன்றும் உள்ள ஒரே பேட்ச்சை ஏற்றி வைத்துக்கொண்டு, அவற்றைத் தனித்தனியே 'கன்ட்ரோல் சேஞ்ச்' செய்திகளால் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு எஃபெக்ட்டுக்கும் ஒரு கன்ட்ரோலர் எண்ணை ஒதுக்கினால், 0 முதல் 63 வரையிலான மதிப்பு அதை அணைக்கும், 64 முதல் 127 வரையிலான மதிப்பு இயக்கும். டிலேயை அணைக்கும்போது அதன் வெளியீட்டுக்குப் பதிலாக உள்ளீட்டை மூடும்படி அமைக்க உங்கள் கருவி இடம் தந்தால், ஏற்கெனவே பிறந்த எதிரொலிகள் இயல்பாகத் தேய்ந்து அடங்கும். பிரீஆம்ப் மட்டும் புரோகிராம் எண்ணால் மாறட்டும். பிராசசரின் அட்டவணையில் எல்லா எண்களுக்கும் ஒரே பேட்ச்சைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் சில கருவிகள் அதே பேட்ச் மறுபடி அழைக்கப்பட்டாலும் புதிதாக ஏற்றிக்கொள்ளும். புரோகிராம் சேஞ்சைப் பொருட்படுத்தாமல் விடும் அமைப்பு உங்கள் பிராசசரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே சிறந்தது.

எக்ஸ்பிரஷன் பெடலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் நாளை கேட்பீர்கள். வால்யூமுக்கு மரபாக வழங்கும் எண் 7. அதைப் பிராசசரில், டிலேக்கு முன்னால் உள்ள ஒலி அளவுக்கு ஒதுக்குங்கள். பிரீஆம்புக்குப் பின்னால் இருப்பதால் டிஸ்டார்ஷனின் அடர்த்தி குறையாது. டிலேக்கு முன்னால் இருப்பதால் குதிகாலை இறக்கிய பிறகும் எதிரொலி வாழும். பெடலைப் பழையதாக வாங்கியிருந்தால் அதன் உள்ளே உள்ள பொட்டன்ஷியோமீட்டர் தூய்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கடைந்திருந்தால், நீங்கள் தொடாத நேரத்திலும் மதிப்பு 90-க்கும் 91-க்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் சேஞ்சுக்கு மூன்று பைட் என்பதால் இந்தக் கம்பியில் நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் செய்திகள்தான் அடங்கும். தேவையற்ற அந்த வெள்ளத்தில் உங்கள் பேட்ச் எண் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

வால்வும்_கம்பியும் எழுதியது:

கேபிள் விஷயம் தீர்ந்ததில் பெருமகிழ்ச்சி. அந்த மங்கிய சாம்பல் நிறம் கம்பி போதுமான அளவு சூடாகாமல் ஈயம் மட்டும் உருகி ஒட்டியதன் அடையாளம்.

நாற்பது_வாட் அவர்களின் மழை அனுபவத்தைப் படித்த பிறகு, மேடையில் வாசிப்பவருக்கு அவருடைய முறையே பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்கிறேன். நான் பெரும்பாலும் ஸ்டுடியோவில் வாசிப்பவன். இரவல் கன்ட்ரோலர் என்ற தேவையே எனக்கு வந்ததில்லை. ஆனால் அந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. அக்காலத்து ரேக் கருவிகளில் பேட்ச்களும் மேப்பும் உள்ளே இருக்கும் ஒரு லித்தியம் பேட்டரியின் துணையால்தான் நினைவில் நிற்கின்றன. அது தீர்ந்த நாளில் மின்சாரத்தை அணைத்தவுடன் அத்தனையும் அழிந்துபோகும். முப்பது வயதான கருவியில் அந்தப் பேட்டரி மாற்றப்பட்டதா என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் தேர்ந்த தொழில்நுட்பரிடம் கொடுங்கள். வால்வுக் கருவியில் மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதற்கு முன்பே, ஒவ்வொரு பேட்ச்சின் கெயின், வால்யூம், பாஸ், மிடில், ட்ரெபிள், பிரசென்ஸ் எண்களையும் மேப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுங்கள். குமிழ்களுக்குப் பதிலாக எல்லாமே எண்களாக இருப்பதில் உள்ள நன்மை இது; நோட்டைப் பார்த்து ஒரு மாலையில் முழுவதையும் மீட்டுவிடலாம்.

மெல்லிசை_கிதார் எழுதியது:

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து இந்த வாரம் அமைத்து முடித்தேன். மேப் ரேக்கில் இருக்கிறது. பிராசசரில் புரோகிராம் சேஞ்சைத் தவிர்க்கும் அமைப்பு இருந்தது. டிலேயும் கோரஸும் கன்ட்ரோல் சேஞ்சால் திறந்து மூடுகின்றன. ஒத்திகையில் பல்லவியின் கடைசிச் சுரம் டிலேயில் தேய்ந்துகொண்டிருக்கும்போதே அதன் மேல் இடையிசையின் டிஸ்டார்ஷன் ஏறியது. எங்கள் டிரம்ஸ் அண்ணன் வாசிப்பை நிறுத்திவிட்டு, மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். ரேக்கையும் இடம் மாற்றிவிட்டேன். ஜேஎம்பி-1-இன் திரை நான் நிற்கும் இடத்திலிருந்து தெரிகிறது, ஆகவே காலடியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

பேட்டரியை முன்பிருந்தவர் எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை என்று விற்றவர் சொல்லிவிட்டார். இருபத்து மூன்று பேட்ச்களையும் நோட்டில் எழுதிவிட்டேன். கச்சேரி இல்லாத அடுத்த வாரத்தில் கருவியைத் தொழில்நுட்பரிடம் கொடுக்கப்போகிறேன்.

நாற்பது_வாட் அவர்களுக்கு ஒரு செய்தி. நண்பர் ஒருவரின் கன்ட்ரோலரை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். மாட்டிய உடனே வேலை செய்தது. ஆனால் அதன் முதல் சுவிட்சிலிருந்து 0-க்குப் பதிலாக 1 போகும்படி அவர் அமைத்திருந்ததால், எல்லா ஒலிகளும் ஓரிடம் தள்ளி வந்தன. என் வரிசையில் அது க்ளீனுக்குப் பதில் கோரஸ், ரிதமுக்குப் பதில் லீட் என்றாகிறது. 'முதல் மிதியில் கோரஸ் வந்தால் எல்லாவற்றையும் ஒரு சுவிட்ச் இடதுபுறமாக எண்ணிக்கொள்ளவும். க்ளீனுக்கு மட்டும் கோரஸை அணைக்கவும்' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரேக் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன்.